வீட்டுவசதிக் கொள்கை ஆய்வாளரின் தாக்கத்தை அளப்பது எப்படி?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கல்லூரியில் பதவி உயர்வுக் கோப்பு மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எச்-இண்டெக்ஸ், வேதியியல்காரருக்கு 24. தொகுப்பு வீடுகளைப் பற்றி எழுதும் பொருளியல்காரருக்கு 6. பார்க்கிறவர் கண் தானாக 24-இல் போய் நிற்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் அங்கே நடந்த முதல் தவறு.

வீட்டுவசதிக் கொள்கை ஆய்வின் தாக்கம் இரண்டு இடங்களில் விழுகிறது. ஒன்று, மற்ற ஆய்வாளர்களின் எழுத்து. இன்னொன்று, கொள்கை விளக்கக் குறிப்பு, தணிக்கை அறிக்கை, தீர்ப்பு, அரசாணை போன்ற தாள்கள்; இவற்றில் பலவற்றுக்கு அடிக்குறிப்பு போடும் பழக்கமே கிடையாது. முதலாவதை எண்ணலாம். இரண்டாவதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டும். கூட்டி ஒரே எண்ணாக்கினால் அது எதையும் சொல்லாது. பதினைந்து, இருபது கட்டுரை உள்ள ஒருவருக்கு, கீழே உள்ள முறை ஏறக்குறைய மூன்று முழுநாள் வேலை. அதில் எண்ணுவதற்கு அரை நாள்கூட ஆகாது.

முதலில் படைப்புப் பட்டியல்

எந்தத் தளத்தையும் திறக்கும் முன் ஆய்வாளரிடமிருந்து முழுப் பட்டியலை வாங்குங்கள். இதழ்க் கட்டுரை, நூல் இயல், முனைவர் பட்ட ஆய்வேடு, பணிக்கட்டுரை, அரசுக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ எழுதிக் கொடுத்த அறிக்கை, தமிழில் எழுதியவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு எக்செல் தாளில் ஒரு படைப்புக்கு ஒரு வரிசை. ஆண்டு, தலைப்பு, கூட்டாசிரியர் எண்ணிக்கை, டிஓஐ எண் (கட்டுரைக்கு இணையத்தில் உள்ள நிலையான அடையாள எண்), மொழி, களம் எந்த மாவட்டம், வட்டம் என்று பத்திகள் போடுங்கள். களத்துக்குத் தனிப் பத்தி எதற்கு என்பது பின்னால் புரியும்.

தமிழ்ப் பெயர்கள்தான் இதில் பெரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தரவுத்தளங்களோ குடும்பப் பெயர் இருந்தே தீர வேண்டும் என்று நினைத்துக் கட்டப்பட்டவை. கே. முருகன் என்று ஒருவர் எழுதினால், ஒரு இதழ் முருகன் கே. என்று போடும்; இன்னொன்று தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கி விடும்; மூன்றாவது தலைப்பெழுத்தை விட்டுவிடும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இவை மூன்று தனி ஆட்களாக, மூன்று தனி அடையாள எண்களோடு நிற்கும். மறுபுறம், அதே பெயருள்ள கால்நடை மருத்துவரின் கட்டுரைகள் நம் ஆளின் கணக்கில் ஏறியிருக்கும். பெண் ஆய்வாளர்களில் திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறியவர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு.

இதைச் சரிசெய்ய ஆர்க்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண், இருக்க வேண்டும். 2012-இல் தொடங்கிய இலவச ஏற்பாடு, 16 இலக்கம், ஐந்து நிமிடத்தில் பதிவாகிவிடும். அதில் பெயரின் எல்லா வடிவங்களையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கலாம். ஸ்கோபஸில் சிதறிய அடையாளங்களை ஒன்றாக்க அந்தத் தளத்திலேயே திருத்தக் கோரிக்கைப் படிவம் இருக்கிறது. கூகுளின் ஆய்வுத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் ஆய்வாளரே தன் பக்கத்துக்குள் போய்ப் பிறர் கட்டுரைகளை நீக்கலாம், ஒரே கட்டுரையின் இரட்டைப் பதிவுகளை இணைக்கலாம். ஸ்காலர் பக்கத்தில் "புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்" என்ற அமைப்பை நிறுத்திவிட்டு, "கேட்டுவிட்டுச் சேர்" என்று மாற்றச் சொல்லுங்கள். பொதுவான பெயருள்ளவர்களின் பக்கம் வீங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பணிக்கட்டுரையாக வந்து பின்னர் இதழில் அச்சானதை ஒரே படைப்பாக எடுங்கள். இரண்டுக்கும் வந்த மேற்கோள்களைச் சேர்க்கும்போது, இரண்டையும் சேர்த்துக் காட்டியவர்களை ஒரு முறை மட்டும் எண்ணுங்கள்.

எங்கே எண்ணுவது

ஒரே ஆளுக்கு நான்கு தளங்கள் நான்கு எண் தரும். நான்கும் அதனதன் அளவில் சரி. அவை பார்க்கும் உலகம்தான் வேறு.

கூகுள் ஸ்காலர் 2004-இல் வந்தது. ஆய்வேடு, மாநாட்டுத் தாள், அறிக்கை, கல்லூரி இதழ் எல்லாவற்றையும் அள்ளும். அதனால் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், குப்பையும் சேரும். ஒரு தேடலுக்கு 1,000 முடிவுக்கு மேல் காட்டாது. ஸ்கோபஸும் 2004-இல் வந்ததுதான், எல்செவியர் நிறுவனத்துடையது. தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் பார்க்கும்; தமிழ் இதழ்களை அங்கே தேடிப் பயனில்லை. சந்தா இல்லாவிட்டாலும் ஆசிரியர் தேடலும் எச்-இண்டெக்ஸும் இலவச முன்னோட்டத்தில் தெரியும். மாவட்டக் கல்லூரிகளுக்கு அது போதும். வெப் ஆஃப் சயின்ஸ் இன்னும் குறுகலானது. நம் ஊர் வீட்டுவசதி ஆய்வாளர் பலருக்கு அங்கே மூன்று கட்டுரை தெரிந்தாலே அதிகம்.

ஓப்பன்அலெக்ஸ் 2022-இல் வந்தது, முழுக்க இலவசம். மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவுத்தளத்தை மூடியபோது அந்த இடத்தை நிரப்ப எழுந்தது. இந்திய இதழ்கள் ஸ்கோபஸை விட இதில் அதிகம். ஆனால் பெயர்க் குழப்பம் இங்கேயும் உண்டு. ஆர்க்கிட் எண்ணை வைத்துத் தேடினால் பாதித் தொல்லை தீரும்.

கையால் எண்ண வேண்டாம். பப்ளிஷ் ஆர் பெரிஷ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றுங்கள். அன்-வில் ஹார்சிங் 2006 முதல் தந்து வருவது. ஸ்காலர், ஓப்பன்அலெக்ஸ், கிராஸ்ரெஃப் (டிஓஐ எண்களைப் பதியும் அமைப்பு) மூன்றிலிருந்தும் எடுத்து எக்செலுக்கு அனுப்பும். ஸ்காலரில் அடுத்தடுத்து வேகமாகத் தேடினால் "நீங்கள் ரோபோவா" என்று கேட்டுத் தடுக்கும். கல்லூரி முழுக்க ஒரே இணைய இணைப்பில் ஓடினால் இன்னும் சீக்கிரம் தடுக்கும். ஒரு மணி நேரம் விட்டுத் தொடருங்கள்.

எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் தளத்தின் பெயரும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். தளமும் தேதியும் இல்லாத எச்-இண்டெக்ஸை நம்ப வேண்டியதில்லை.

கணக்கு

எச்-இண்டெக்ஸை 2005-இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்தார். எச் கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எச் மேற்கோள் இருக்க வேண்டும் என்பதுதான் வரையறை. கணக்குக்காக ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு கட்டுரை, மேற்கோள்கள் இறங்கு வரிசையில்: 48, 31, 22, 14, 9, 7, 6, 6, 3, 1, 0, 0.

ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், ஆறைத் தாண்டுகிறது. ஏழாவதற்கு 6, ஏழை எட்டவில்லை. ஆக எச் = 6. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்றவை நான்கு. ஸ்காலர் காட்டும் ஐ10 அதுதான். மொத்தம் 147. முதல் கட்டுரை வந்து 12 ஆண்டு ஆகியிருந்தால் 6-ஐ 12-ஆல் வகுத்து 0.5, பணி அனுபவம் வேறுபடும் இருவரை ஒப்பிட இது உதவும்.

லியோ எக்ஹே 2006-இல் சொன்ன ஜி-இண்டெக்ஸையும் போட்டுப் பாருங்கள். முதல் ஜி கட்டுரைகளின் மேற்கோள் கூட்டல் ஜி-யின் வர்க்கத்தை எட்ட வேண்டும். இங்கே 12 கட்டுரையின் கூட்டல் 147, 12-இன் வர்க்கம் 144; ஆக ஜி = 12. எச் 6, ஜி 12 என்ற இடைவெளி ஒன்றைச் சொல்கிறது: இவருடைய தாக்கம் இரண்டு மூன்று கட்டுரைகளில் குவிந்திருக்கிறது. வீட்டுவசதி ஆய்வில் இது சகஜம். பத்து ஆண்டில் ஒரு பெரிய களக் கணக்கெடுப்பு, மற்றதெல்லாம் அதன் கிளைகள். அந்த 48 மேற்கோள் கட்டுரை எது என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

சுயமேற்கோளைக் கழித்து ஒரு எண், கழிக்காமல் ஒரு எண் என்று இரண்டையும் எழுதுங்கள். சுயமேற்கோள் குற்றமல்ல, பென்னாகரத்து வீடுகளைப் பற்றி ஐந்து ஆண்டு தொடர்ந்து எழுதுகிறவர் தன் முந்தைய கட்டுரையைக் காட்டாமல் எப்படி எழுத முடியும்? ஆனால் கழித்த பின் எண் பாதியாகி விட்டால் காரணம் கேட்க வேண்டும். கூட்டாசிரியர் காட்டியதும் சுயமேற்கோளில்தான் சேரும்.

காலம் வேறு இருக்கிறது. இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு கட்டுரைக்குச் சராசரியாக வரும் மேற்கோள், இரண்டு ஆண்டுச் சாளரத்தில் கணக்கிடப்படுகிறது. வீடு கட்டி, குடியேறி, பட்டா வாங்கி, ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்குள் பத்து ஆண்டு ஓடிவிடும். அதைப் பற்றிய ஆய்வும் அப்படித்தான் மெல்ல மேற்கோள் பெறும். உலக வங்கி நிதியில் 1970-களின் கடைசியில் சென்னையில் தொடங்கிய மனையும் வசதியும் தரும் திட்டங்கள் பல காலம் தோல்வி என்றே பேசப்பட்டன. 2018-இல் மும்பையையும் சென்னையையும் திரும்பப் போய்ப் பார்த்து வெளியான ஆய்வு, அந்தக் குடியிருப்புகள் நன்றாகவே வளர்ந்திருப்பதாகக் காட்டியது. ஆகவே ஆண்டுவாரியாக மேற்கோள் வரைபடம் ஒன்று போடுங்கள். வந்த மூன்றாம் ஆண்டே உச்சம் தொட்டு விழுந்த கட்டுரையும், எட்டாம் ஆண்டில் ஏறத் தொடங்கிய கட்டுரையும் மொத்த எண்ணில் ஒன்றாகத் தெரியலாம், வரைபடத்தில் அப்படித் தெரியாது.

ஒப்பிட வேண்டுமானால் அதே துறையில், அதே பணி ஆண்டில், ஐந்தாறு பேரை எடுங்கள். வேதியியல்காரரை விட்டுவிடுங்கள். ஸ்கோபஸும் ஓப்பன்அலெக்ஸும் தரும் துறை-சீரமைத்த மேற்கோள் அளவில் 1 என்பது உலகச் சராசரி. கோப்புக்கு எச்-இண்டெக்ஸைவிட அது நியாயமானது. ஆனால் ஐந்து கட்டுரைக்குக் கீழே உள்ளவருக்கு அந்த எண் ஆடும்; ஒரே ஒரு கட்டுரை அதை 0.4-இலிருந்து 2-க்கு இழுத்துவிடும்.

மேற்கோளைத் திறந்து படியுங்கள்

பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான அளவீடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மேற்கோள் மொத்தம் 60-க்குள் இருந்தால் எல்லாவற்றையும் படியுங்கள். மேலே போனால், ஒவ்வொரு ஆண்டிலிருந்தும் விகிதப்படி எடுத்து 40. மேற்கோள் காட்டிய கட்டுரையைத் திறந்து, ஆய்வாளர் பெயரைத் தேடி, அந்த வாக்கியத்தை மட்டும் எக்செலில் ஒட்டுங்கள். இரண்டு மாதிரி:

"ஓசூரில் தொழிலாளர்கள் வருமானத்தில் பெரும்பங்கை வாடகைக்குக் கொடுக்கிறார்கள் (நான்கு பெயர், நான்கு ஆண்டு)."

"2015 ஆய்வில் வகுத்த வாடகைச் சுமை அட்டவணையையே எடுத்து, சூளகிரியில் 120 குடும்பங்களிடம் பயன்படுத்தினோம்."

எண்ணில் இரண்டும் ஒன்று. முதலாவது கூட்டத்தோடு ஒரு தலை. இரண்டாவது ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வேலை செய்திருக்கிறது. வகைகளை முன்கூட்டியே வரையறுங்கள்: பெயருக்குச் சொன்னது, பின்னணித் தகவல், தரவை எடுத்தது, முறையை எடுத்தது, மறுத்தது, அதன்மேல் கட்டியது. மறுத்ததைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஒருவரை மறுக்க ஒரு முழுக் கட்டுரை எழுதுகிறார்கள் என்றால், அந்தத் துறையில் அவரைத் தாண்டாமல் போக முடியவில்லை என்றுதான் பொருள்.

இரண்டு பேர் தனித்தனியே வகைப்படுத்துங்கள். 40-இல் 8-க்கு மேல் வேறுபட்டால் ஆட்களைக் குறை சொல்லாமல் வரையறையைத் திருத்துங்கள். பெரும்பாலும் "பின்னணித் தகவல்", "தரவை எடுத்தது" இரண்டுக்கும் நடுவில்தான் தகராறு வரும். எண் ஒன்றை வாக்கியத்தில் சொல்லியிருந்தால் தரவு, சொல்லாவிட்டால் பின்னணி என்று கோடு போட்டால் தீரும்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு பொறி உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆக 2001 கணக்கெடுப்பில் தருமபுரி என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை எல்லாம் அடக்கம், 2011-இல் கிடையாது. 2004-க்கு முந்தைய கட்டுரையின் "தருமபுரி மாவட்டக் குடிசைகள்" எண்ணை எடுத்து, 2011 எண்ணோடு நேராக ஒப்பிட்டு, குடிசைகள் சரிந்துவிட்டன என்று ஒருவர் எழுதினால், குறைந்தது குடிசையா மாவட்டமா? அப்படிப்பட்ட கட்டுரை நம் ஆய்வாளரைக் காட்டியிருந்தால் அதுவும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் ஏறியிருக்கும். வாக்கியத்தைப் படித்தால்தான் தவறான பயன்பாடு என்று பிரிக்க முடியும். பட்டியலில் களத்துக்குத் தனிப் பத்தி போடச் சொன்னது இதற்குத்தான். தேடும்போதும் அப்படியே: ஓசூர் பற்றிய பழைய ஆய்வுகளைத் தருமபுரி என்ற சொல்லாலும் தேடுங்கள். 1965-க்கு முந்தையதென்றால் சேலம். ஆங்கிலத்தில் தருமபுரியை எச் சேர்த்தும் சேர்க்காமலும் எழுதியிருப்பார்கள். தேன்கனிக்கோட்டைக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று கணக்கே இல்லை.

முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தனியாகப் பாருங்கள். இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் இயல் இயலாக, தனித்தனிக் கோப்பாக ஏற்றப்படுகின்றன. நூற்பட்டியல் பெரும்பாலும் கடைசியில் தனிக் கோப்பு. பெரியார் பல்கலைக்கழகம், சென்னை, பாரதியார் என்று வரிசையாகப் போய், வீட்டுவசதி, ஊரக வளர்ச்சி, புலம்பெயர் தொழிலாளர் தலைப்புள்ள ஆய்வேடுகளின் அந்தக் கோப்பைத் திறந்து பெயரைத் தேடுங்கள். சலிப்பான வேலைதான். ஸ்கோபஸ் காட்டாத வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அரசுத் தாள்களில் தடம் தேடுவது

ஓவர்டன் என்ற தரவுத்தளம் கொள்கை ஆவணங்களில் ஆய்வுகள் எங்கே மேற்கோளாகின்றன என்று தேடித் தரும். ஆல்ட்மெட்ரிக் செய்தி, வலைப்பதிவு, கொள்கை ஆவணம் எல்லாவற்றையும் எடை போட்டு ஒரு எண் தரும். அந்த எடையைக் கவனியுங்கள்: செய்திக்கு 8, கொள்கை ஆவணத்துக்கு 3. வீட்டுவசதி ஆய்வாளருக்கு இது தலைகீழ். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, கொள்கை ஆவணம் என்ற பிரிவுக்குள் போய் எது எது என்று பாருங்கள். இரண்டுமே ஆவணத்தில் தெளிவான மேற்கோளோ இணைப்போ இருந்தால்தான் பிடிக்கும். ஸ்கேன் செய்த தமிழ் அரசாணையை இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நேரடியாகத் தேட வேண்டிய இடங்கள் இவை. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வரும் ஊரக வளர்ச்சித் துறை, வீட்டுவசதித் துறை கொள்கை விளக்கக் குறிப்புகள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கைகள். இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தைப் பற்றிய செயல்திறன் தணிக்கை 2014-இல் வந்தது. நாடாளுமன்ற ஊரக வளர்ச்சி நிலைக்குழு அறிக்கைகள். அங்கே யார் சாட்சியம் தந்தார், யார் குறிப்பாணை கொடுத்தார் என்ற பட்டியல் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், குறிப்பாக வெளியேற்றம், பட்டா வழக்குகள்.

தேடல் சொல்லில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஒரே திட்டத்துக்கு ஆட்சிக்கு ஒரு பெயர், துறைக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர். மத்தியத் திட்டம் 1985-இல் இந்திரா ஆவாஸ் யோஜனா, தமிழில் இந்திரா நினைவுக் குடியிருப்பு. 2016 முதல் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா கிராமின். மாநிலத்தில் 2010-இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011-இல் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள், 300 சதுர அடி. 2024-இல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய். மக்கள் வாயில் எல்லாமே காலனி வீடு, தொகுப்பு வீடு, கான்கிரீட் வீடு. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரோடும் ஆய்வாளர் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். கூகுளில் அரசு இணையதளங்களுக்குள் மட்டும், பிடிஎஃப் கோப்புகளில் மட்டும் என்று தேடலைச் சுருக்கலாம்.

தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால் உடனே "தாக்கம் இல்லை" என்று எழுதிவிட வேண்டாம். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகளும், பிந்தையவற்றில் பலவும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். சோதிக்க எளிய வழி: ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். கன்னாபின்னாவென்று வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். எதுவுமே ஒட்டப்படாவிட்டால் அது ஸ்கேன் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். அச்சிட்ட தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது. ரப்பர் முத்திரைக்கு அடியில் உள்ள வரியை மட்டும் கண்ணால் பாருங்கள்.

கிடைத்த தடங்களை மூன்று படியாகப் பிரியுங்கள். ஆய்வாளர் பெயரோ கட்டுரையோ நேரடியாகக் குறிப்பிடப்பட்டது முதல் படி. பெயர் இல்லாமல், ஆனால் அவருடைய தனித்த எண்ணோ வகைப்பாடோ சொற்றொடரோ அப்படியே வந்திருப்பது இரண்டாம் படி. பரிந்துரைத்ததும் நடந்ததும் ஒத்துப்போவது மட்டும் என்றால் மூன்றாம் படி. அதை அறிக்கையில் போடாதீர்கள்.

ஏன் என்றால், இப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமர் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1.30 லட்சம். வத்தல்மலையிலோ அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமங்களிலோ மணலும் சிமென்ட்டும் மேலே ஏற்றும் கூலியிலேயே பேஸ்மென்ட் மட்டத்துத் தவணை கரைகிறது, தொகை போதாது என்று ஒருவர் எழுதியிருக்கலாம். பிறகு 2024-இல் மாநில அரசு 3.5 லட்சத்தில் புதுத் திட்டம் அறிவித்தது. இவர் எழுதினார், அவர்கள் உயர்த்தினார்கள் என்று கோத்துவிடலாமா? தொகை போதாது என்று ஒப்பந்ததாரர், ஊராட்சித் தலைவர், பயனாளி எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கூரைத் தளத்துக்கு மாநில அரசு ஏற்கெனவே கூடுதல் தொகை தந்துவந்தது. இரண்டாம் படிக்கு ஏற வேண்டுமானால் மூன்றும் வேண்டும்: வேறெங்கும் இல்லாத தனித்த அடையாளம், ஆய்வு முந்தியது என்பதற்கான தேதி, தாள் அந்த மேசைக்குப் போன வழி.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கோ தலைமைச் செயலகத் துறைக்கோ விண்ணப்பம். பதில் தர 30 நாள். "இந்த ஆய்வு உங்களைப் பாதித்ததா" என்று கேட்டால் பதில் வராது. கருத்து கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இப்படிக் கேளுங்கள்: இன்ன அரசாணை எண் தொடர்பான கோப்பில் இணைக்கப்பட்ட ஆய்வறிக்கைகள், கருத்துருக்களின் பட்டியல்; இன்ன தேதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல்; அதில் கலந்துகொண்டோர் பட்டியல். அமைச்சரவைத் தாள்களுக்கு விலக்கு உண்டு என்பதால், முடிவுக்கு முந்தைய துறைக் கூட்டங்களையே குறிவையுங்கள்.

இன்னொரு வகைத் தாக்கத்தை எந்தத் தேடலும் பிடிக்காது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டியது: ஒரு கருத்து பொதுச்சொத்தாகிவிட்டால் யாரும் அதற்கு உரியவரைச் சொல்வதில்லை. ஏழைகளுக்கு முழு வீடு கட்டித் தருவதைவிட மனையும் அடிப்படை வசதியும் கொடுத்தால் அவர்களே கட்டிக்கொள்வார்கள் என்று 1960, 70-களில் ஜான் டர்னர் வாதாடினார். இன்று அந்த எண்ணம் உள்ள ஆவணங்களில் அவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. உள்ளூர் ஆய்வாளருக்கும் சிறிய அளவில் இது நடக்கும். இதை எண்ணாக்க முயலாதீர்கள். ஆதாரம் இருந்தால் ஒரு பத்தி எழுதுங்கள்.

பணிக் கோப்புக்கான மதிப்பெண்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில், ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் கொள்கை ஆவணத்துக்கென்றே இடம் இருக்கிறது. பலர் கோருவதே இல்லை. சர்வதேச அமைப்புக்குச் சமர்ப்பித்தது 10, தேசிய அளவில் 7, மாநில அளவில் 4. சமூக அறிவியல் இதழ்க் கட்டுரைக்கு 10. இருவர் எழுதியதென்றால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. சமர்ப்பித்ததற்கு ஒப்புகைக் கடிதம் அவசியம். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்; தபால் பிரிவில் நேரில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

போலி எண்கள்

"ஸ்கோபஸ் இதழ், 15 நாளில் பிரசுரம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதையும், இதழின் முகப்பில் "குளோபல்", "யுனிவர்சல்" என்ற அடைமொழியோடு இருக்கும் இம்பேக்ட் ஃபேக்டரையும் கணக்கில் சேர்க்காதீர்கள். இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டரைக் கிளாரிவேட் நிறுவனம் மட்டுமே வெளியிடுகிறது. ஸ்கோபஸில் இருந்து நீக்கப்பட்ட இதழ்களின் பட்டியலையும் பாருங்கள். கட்டுரை வந்த ஆண்டில் இதழ் உள்ளே இருந்ததா என்பதே கேள்வி. நல்ல இதழின் பெயரில் போலித் தளம் நடத்துவதும் உண்டு. இதழுக்குரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் சரிபார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரே ஆண்டில், ஒரே இதழில் இருந்து, தலைப்புக்குத் தொடர்பில்லாத இருபது மேற்கோள் வந்திருந்தால் அது வாங்கியதாக இருக்கலாம். திறந்து படிக்கும்போது மாட்டும்.

எழுதிக் கொடுப்பது

இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் எண்கள்: தளம், தேதி, சுயமேற்கோள் கழித்தும் கழிக்காமலும், ஒப்பிட்ட ஐந்தாறு பேரின் வீச்சு. ஒப்பிட்டவர்களின் பெயர் வேண்டாம். அடுத்ததில் வாசிப்பின் விளைவு: 40-இல் எத்தனை பேர் முறையை எடுத்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், முக்கியமான மூன்று வாக்கியங்கள் அப்படியே. அதன் கீழே அரசுத் தடங்கள், படி எண்ணோடும் தாளின் பக்க எண்ணோடும். இதழின் தரத்தை ஆளின் தரமாகக் காட்டாதீர்கள். ஆய்வை மதிப்பிடுவது பற்றி 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமும், 2015-இல் வந்த லைடன் அறிக்கையும் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. குழுவில் யாராவது எதிர்த்துக் கேட்டால் அவற்றை எடுத்து வைக்கலாம். தமிழில் எழுதியவற்றைத் தனித் தலைப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் எண் இல்லாத காரணத்தாலேயே அவை காணாமல் போகும்.

அரசு இணையதளங்கள் புது வடிவத்துக்கு மாறும்போது பழைய இணைப்புகள் இறந்துவிடும். கண்டுபிடித்த ஒவ்வொரு பிடிஎஃப்பையும் அன்றே இறக்கி, இணைப்பை, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் பதியுங்கள். கோப்புப் பெயரில் துறை, அரசாணை எண், தேதி மூன்றும் இருக்கட்டும். பெயர் மாற்றாமல் சேமித்த ஸ்கேன் கோப்பு ஆறு மாதம் கழித்து யாருக்கும் கிடைக்காது. அடுத்த அளவீட்டை இரண்டு ஆண்டு ஆவதற்கு முன் எடுக்க வேண்டியதில்லை. அதே தளம், அதே தேடல் சொற்கள், அதே வகை வரையறைகளோடு எடுங்கள்.